தலைகீழ் முள்

என் மாமனார் முட்டாள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எல்லாவற்றையும் கேட்ட பிறகு சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர் ஒரு வேலையை வாழ்நாள் முழுக்க ஒழுங்காகச் செய்தவர். அந்த வேலைதான் ஒழுங்காக இல்லை.

மாமா, ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு நிலையத்தில் வேலை பார்த்தார். பார்த்தார் என்பது இங்கே மிகச் சரியான சொல். ஒரு மர நாற்காலி, எதிரே சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு அழுத்த மீட்டர், அதற்குள் ஒரு முள். முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எழுந்துபோய், மூலையில் இருக்கும் பெரிய இரும்பு நெம்புகோலை இரண்டு கையாலும் இழுத்து மோட்டாரை நிறுத்த வேண்டும். அதற்குத்தான் சம்பளம். மாமா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சாப்பிடும்போதுகூடச் சாப்பாட்டைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்தபடியே சாப்பிடுவாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு என்ன குடுத்து அனுப்பினேன், சொல்லுங்க பாப்போம்" என்று அத்தை கேட்டால் முழிப்பாராம். யாரும் இல்லாத நேரத்தில் நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்து நெம்புகோல்வரை ஓடிப் பழகிக்கொள்வதும் உண்டு. இழுக்க மாட்டார். தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

அந்த முள் ஒரு நாளும் இறங்கவில்லை. "என் ஷிஃப்ட்ல முள்ளு எறங்கினதே கிடையாது" என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. கல்யாண வீட்டில் சொல்வார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பையனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் முள்ளைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டார்.

"என்னை ஒரு நாளாவது அந்த முள்ளைப் பாத்த மாதிரி பாத்திருப்பாரா?" என்று அத்தை அடிக்கடி கேட்பார்.

மாமா ஓய்வு பெற்ற அன்று, அவரோடு வேலை செய்தவர்களுக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. அந்த மீட்டரையே கழற்றி நினைவுப் பரிசாகக் கொடுத்துவிடலாம், சுவருக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். எல்லாரும் கூடி நின்றோம். மாலை, பேச்சு, கைதட்டல் எல்லாம் ஆயிற்று. தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் என்று முன்வரிசையில் இருந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒருவர் ஸ்பேனர் போட்டு மீட்டரைத் திருகினார். கழன்று கையோடு வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பின்னால் ஒரு சாண் நீளத்துக்குக் குழாய், அதன் வாயில் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்திருந்தது. அந்தப் பக்கம் எதுவுமே இல்லை. சுவரைப் பூசிய காலத்தில் யாரோ குழாயை வெட்டிவிட்டு, திரும்ப இணைக்க மறந்திருக்கிறார்கள். உள்ளே துருப்பிடித்து முள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உண்மையாக வேலை செய்யும் மீட்டர் பக்கத்து அறையில் இருந்ததாம். அதை யாரும் பார்ப்பதில்லை. கேட்டால், மாமாதான் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்றார்கள்.

யாரோ ஒருவர் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் கைதட்டினார். மாமா மீட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அது ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்துகொண்டது. அங்கேயும் முள் அதே இடத்தில்தான் நின்றது. பம்பு நிலையத்தில் இருந்த அதே நல்ல அழுத்தம் எங்கள் ஃபிரிட்ஜ் மேலும் இருந்தது.

அதற்குப் பிறகு மாமா பேசுவது குறைந்துபோயிற்று. நானும் என் கணவரும் வீட்டின் கீழ்த்தளத்தில் சலவைக்கடை வைத்திருக்கிறோம். ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, துண்டு, மேசைத் துணியெல்லாம் எங்களிடம் வரும். மாமா ஒரு நாற்காலியைத் துவைக்கும் மெஷினுக்கு எதிரே போட்டுக்கொண்டு, வட்டக் கண்ணாடிக்குள் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. "மாமா, டெலிவரிக்கு என்கூட வண்டியில வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனேன். வம்பை நானே வரவழைத்துக்கொண்டேன் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார்.

எங்கள் வேன் எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. ஓட்டுவது நான்தான். என் கணவருக்கு ஸ்டியரிங்கைக் கண்டாலே கை வியர்க்கும். முதல் நாளே மாமாவின் கண் டேஷ்போர்டில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கில் விழுந்தது. சாவி போட்டதும் எரியும், இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணையும். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் மறுபடி எரியும்.

"அது எரியலன்னா என்னம்மா அர்த்தம்?"

"எண்ணெய் நல்லா ஓடுதுன்னு அர்த்தம் மாமா."

"பல்பு போயிருந்தாலும் எரியாதே?"

"சாவி போட்டப்போ எரிஞ்சுதே."

"அதுக்கப்புறம் போயிருந்தா?"

மாமா குனிந்து அந்த விளக்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒரு முள்ளு வேணும்மா. நானே என் கையால மாட்டணும். அந்தப் பக்கம் எதோட சேந்திருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அது ஒரே ஒரு தடவை நெசமா அசையறதைப் பாத்துட்டேன்னா போதும்."

அந்தக் குரலைக் கேட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வருமா?

மாமா பழைய உதிரிபாகக் கடையில் எண்ணெய் அழுத்த மீட்டர் ஒன்று வாங்கினார். அதற்கான சென்சாரை வேறு கடையில் வாங்கினார். முதல் கடைக்காரர் மரியாதை இல்லாமல் பேசினாராம். சென்சார் என்றால் சின்ன உருளை மாதிரி ஒரு சாமான், அடியில் திருகுவதற்கு மரை போட்ட ஒரு மூக்கு. இன்ஜினின் பக்கவாட்டில், எண்ணெய் ஓடும் வழியில், சிவப்பு விளக்கின் சுவிட்ச் திருகியிருக்கும் ஓட்டை ஒன்று இருக்கிறது. அந்த சுவிட்சைக் கழற்றிவிட்டு அங்கே இதைத் திருக வேண்டும். உள்ளே எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தோடு வந்து முட்டுகிறதோ அதை ஒரு வயர் வழியாக மேலே இருக்கும் முள்ளுக்குச் சொல்லும்.

எங்கள் தெரு மெக்கானிக்குக்கு 'நாளைக்கு' என்று பெயர். எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை அதுதான் என்பதால் ஊரே அப்படிக் கூப்பிட்டது. அவரும் திரும்பிப் பார்ப்பார். அவர் சென்சாரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் போட்டுடலாம் பெரியவரே. ரெண்டு வாய் இருக்கிற டி குழாய் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, அந்த ஓட்டையிலயே ரெண்டையும் மாட்டிடலாம். பழைய விளக்கும் இருக்கும், முள்ளும் இருக்கும்" என்றார்.

"ஒரே வேலைக்கு ரெண்டு பேரா?" என்றார் மாமா. "அவன் பாத்துக்குவான்னு இவன் இருப்பான், இவன் பாத்துக்குவான்னு அவன் இருப்பான். எனக்குத் தெரியாதா?"

விளக்கின் சுவிட்சைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, தானே சென்சாரை மாட்டினார். தண்ணீர்க் குழாயோடு வாழ்ந்தவர் இல்லையா, ஒழுகக்கூடாது என்று மரையைச் சுற்றி வெள்ளை டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றினார். அடிபட்ட விரலுக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். மேலே மீட்டரைப் பொருத்தி வயரை இணைத்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

முள் அசையவில்லை.

ஆக்சிலேட்டரை மிதித்தேன். அசையவில்லை. மாமா ஆள்காட்டி விரலால் கண்ணாடியைத் தட்டினார். அடியில் படுத்தது படுத்தபடியே கிடந்தது. அவர் முகத்தை நான் திரும்பிப் பார்த்தேன். மாலையோடு மீட்டரை அணைத்துக்கொண்டு நின்ற அன்றைக்கு இருந்த அதே முகம். ஒரு மனுஷனுக்கு வாழ்க்கையில் ஒரு செத்த முள் போதாதா? இரண்டாவதும் வேண்டுமா? கடவுளோ கடைக்காரனோ, யார் பொறுப்போ அவர்களை நன்றாக நாலு கேட்க வேண்டும் போல இருந்தது.

நான் போய் 'நாளைக்கு'வைக் கிட்டத்தட்டக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன பெரியவரே, இதுக்குப் போர்வை போத்தி வச்சிருக்கீங்க? இதோட ஒடம்பு இன்ஜின் இரும்பைத் தொடணும். தொட்டாதான் கரண்டு திரும்பும். டேப் சுத்தினா எப்படித் தொடும்?"

மாமா டேப்பை முழுக்க உரித்தெடுத்துவிட்டு வெறும் மரையோடு இறுக்கினார். அந்த சென்சாரின் மூக்கு கொஞ்சம் தடிமன். ஓட்டைக்குள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, ஒழுகவில்லை. நான் சாவியைப் போட்டேன். இன்ஜினே ஓடவில்லை, அதற்குள் முள் துள்ளி எழுந்து ஒரேயடியாக மேலே போய் நின்றது. ஸ்டார்ட் செய்தேன். சரசரவென்று இறங்கியது. வேகத்தைக் கூட்டினால் இன்னும் இறங்கியது. நிறுத்தினால் மறுபடி உச்சிக்குப் போனது.

"ஓடுது!" என்று மாமா கையைத் தட்டினார்.

"தலைகீழா ஓடுது மாமா."

"ஓடுதா இல்லையா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "மீட்டர் ஒரு கம்பெனி, சென்சார் ஒரு கம்பெனி. அது ஏறும்போது இது எறங்கும். வேற சென்சார் வாங்கிட்டு வாங்க, நாளைக்கு மாத்திடலாம்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றார் மாமா. "தலைகீழா சொன்னாலும் உண்மையத்தானே சொல்லுது? அது போதும் எனக்கு."

பிடித்த பிடியில் நின்றுவிட்டார். மாற்ற வேண்டியது முள்ளை அல்ல, எங்களைத்தான் என்று முடிவாயிற்று. காலையில் காபி ஆறுவதற்குள் மாமா பாடம் நடத்தினார். "கீழ இருந்தா?" "நல்லது." "மேல போனா?" "மோசம்." "உச்சிக்குப் போனா?" "உடனே நிறுத்தணும்." வண்டியில் ஏறவே ஏறாத அத்தைகூட ஒப்பிக்க வேண்டியிருந்தது. எங்கள் வேன் நிற்கும்போது நூற்றுக்கு நூறு ஆரோக்கியமாக இருப்பதாகவும், ஓட ஓடச் சாகக் கிடப்பதாகவும் மீட்டர் காட்டியது. என் வீட்டு மனிதர்களிலும் அப்படிச் சிலர் உண்டு என்பதால் எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது.

என் நாத்தனார் ஒருநாள் வேனை இரவல் வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் நடந்து வந்தார். முள் கீழே போய்விட்டதைப் பார்த்துப் பயந்து, வண்டியை ஒரு பள்ளிக்கூட வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். "கீழதானே இருந்துச்சு? அப்புறம் எதுக்கு விட்டுட்டு வந்தே? சொல்லிக் குடுத்தேனா இல்லையா?" என்று மாமா மகளைப் பிடிபிடியென்று பிடித்தார். என் நிலைமை அதைவிட மோசம். தலைகீழாகப் படித்துப் படித்து, பக்கத்தில் இருந்த பெட்ரோல் முள்ளையும் தலைகீழாகப் படிக்க ஆரம்பித்திருந்தேன். டேங்க் நிறைய இருக்கிறது என்று தெம்பாகப் போய் நடுச்சாலையில் நின்றேன். அன்றைக்கு என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் எதையோ செய்யப் போகிறார் என்று அர்த்தம். நான்தான் அதைக் கவனிக்கவில்லை.

அப்போது எங்களுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி கிடைக்கும்போல இருந்தது. முதல் லோடைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அங்கே துணிக்கிடங்குக்குப் பொறுப்பான அம்மாள் கறாரான ஆள். "காலைல ஆப்பரேஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வந்தாதான் வந்த மாதிரி. அதுக்கப்புறம் வந்தா வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க" என்று போனில் சொல்லியிருந்தார். முந்தின நாள் முழுக்க நானும் மாமாவும் அத்தையும் மடித்தோம். என் கணவர் மட்டும் நடுவில் கொஞ்ச நேரம் காணாமல் போயிருந்தார்.

காலையில் வேன் நிறையத் துணி மூட்டை. பின்னால் இடம் போதாமல் மாமாவின் மடியிலும் ஏற்றினோம். மூட்டை மூக்கு வரைக்கும் வந்துவிட்டதால் அவருக்கு மீட்டர் தெரியவில்லை. "முள்ளு எப்படி இருக்கு, முள்ளு எப்படி இருக்கு" என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். நான் சாலையைப் பார்த்தபடி, "கீழதான் மாமா" என்று சும்மா சொல்லிக்கொண்டே வந்தேன். பெரிய நாற்சந்தியில் திரும்பும்போது மேல் மூட்டை சரிந்து விழுந்தது. மாமா பார்த்தார்.

"உச்சியில இருக்கும்மா! நிறுத்து!"

முள் நிமிர்ந்து மேலே நின்றது. எங்கள் வீட்டுப் பாடப்படி இன்ஜினில் ஒரு சொட்டு எண்ணெய் ஓடவில்லை. நாற்சந்தி நடுவிலேயே நிறுத்தினேன். நாலு பக்கத்திலிருந்தும் ஹாரன். மாமா இறங்கி பானெட்டைத் திறந்து எண்ணெய் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் நிறைய இருந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தோம். மறுபடியும் மேலேதான் போனது. 'நாளைக்கு'வுக்குப் போன் செய்தேன். அவர் என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை. பிறகு என் கணவருக்குப் போன் செய்தேன்.

"அது வந்து…" என்றார். "நேத்து நான்தான் சென்சாரை மாத்தினேன். மீட்டருக்கு ஏத்ததா ஒண்ணு கிடைச்சுது. இனிமே மேல இருந்தா நல்லது. எல்லார் வண்டியிலயும் இருக்கிற மாதிரி. காலைல சொல்லலாம்னு இருந்தேன், மூட்டை தூக்கற அவசரத்துல மறந்துட்டேன்."

மாமா போனை என்னிடமிருந்து வாங்கினார். "டேப் சுத்தினியா?"

"இல்லப்பா. சுத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? வெறும் மரையாதான் மாட்டினேன். கொஞ்சம் லூஸா இருந்துச்சு, இறுக்கிட்டேன்."

"ம்" என்று மாமா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் வண்டியை எடுத்தேன். மாமாவுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்குக் கோபம் வரவில்லை. மூட்டையைக் காலடியில் தள்ளிவிட்டு முள்ளையே பார்த்தார். "மறுபடியும் எனக்குப் பின்னால யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க" என்றார். "இப்போ இது எதோட சேந்திருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? மேல நிக்குது. பம்பு நிலையத்து முள்ளும் மேலதான் நின்னுச்சு."

என்ன சொல்லித் தேற்றுவது? "உங்க பையன்தானே மாமா மாட்டினாரு" என்றேன். அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்கே தெரியவில்லை.

நாங்கள் இருவரும் புதிய பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டு போனோம். "மேல இருந்தா நல்லது. கீழ வந்தா மோசம். மேல இருந்தா நல்லது." ஆஸ்பத்திரியின் உயரமான தண்ணீர்த் தொட்டி தூரத்தில் தெரிய ஆரம்பித்தது. நேரம் இருந்தது. அப்போது முள் மெதுவாகக் கீழே வர ஆரம்பித்தது.

என் உடம்புக்குப் பழைய பாடம்தான் நினைவிருந்தது. "அப்பாடா, எறங்கிடுச்சு" என்று பெருமூச்சு விட்டு, ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஓரக்கண்ணால் மாமாவைப் பார்த்தேன். சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டிருந்தார். தலை கூரையை முட்டிக்கொண்டிருந்தது.

"நிறுத்தும்மா."

"மாமா, கீழதானே வருது, நல்லது…"

"நிறுத்து!"

நான் யோசிப்பதற்குள் அவர் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். வாழ்நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்த நெம்புகோலை அன்றைக்குத்தான் இழுத்தார். வேன் குலுங்கி, இன்ஜின் திணறி அணைந்தது. பின்னால் இருந்த மூட்டைகள் அத்தனையும் எங்கள் தலைமேல் வந்து விழுந்தன. எங்களுக்குப் பின்னால் வந்த வண்டி கிறீச்சிட்டு நின்றது.

துணிக்குள்ளிருந்து நான் தலையை வெளியே எடுத்தபோது வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரே காலையில் இரண்டாவது முறை. ஆஸ்பத்திரி கைவிட்டுப் போகப்போகிறது. அந்தச் சுவரையும், மரக்கட்டையையும், எதோடும் சேராத அந்தக் குழாயையும் பற்றி ஒரு வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். ஆனால் வாழ்நாள் முழுக்க முள்ளைப் படித்தவருக்கு ஒரு முகத்தைப் படிப்பதா கஷ்டம்? மாமா என்னைப் பார்த்தார், கதவைத் திறந்து இறங்கினார்.

கீழே குனிந்தார். நிமிரவே இல்லை. எனக்குப் பயமாகப் போய், நானும் இறங்கினேன்.

வந்த வழியெல்லாம் சாலையில் கறுப்பாக ஒரு கோடு. எங்கள் வேனுக்கு அடியில் அது ஒரு குட்டையாக முடிந்தது. இன்ஜினிலிருந்து எண்ணெய் சொட்டவில்லை, ஒழுகிக்கொண்டிருந்தது. வெறும் மரையோடு மாட்டிய புதுச் சென்சார் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தைச் சுற்றி எண்ணெய் வழிந்தது. மாமா விரலால் தொட்டார், முகர்ந்தார். அந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

"எறங்கிடுச்சும்மா! நெசமாவே எறங்கிடுச்சு! எண்ணெய் போச்சு, முள்ளு எறங்கிச்சு, நான் பாத்தேன்!"

அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் எங்கள் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஒழுகும் வேனுக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

பின்னால் நின்ற வண்டியின் டிரைவர் திட்டுவதற்காக இறங்கி வந்தார். கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். அவருடையது பிணம் ஏற்றும் வண்டி, பக்கமெல்லாம் கண்ணாடி வைத்தது. எங்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். தொழில் பழக்கம்.

"இல்ல சார்" என்று மாமா அவரைக் கட்டிக்கொண்டார். "முள்ளு எறங்கிடுச்சு!"

"ரொம்ப சந்தோஷம்" என்றார் டிரைவர். வேறு என்ன சொல்வார்?

நான் விஷயத்தைச் சொன்னேன். அவரும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் ஒருவரை எடுத்துவரப் போய்க்கொண்டிருந்தார். "போகும்போது காலியாத்தானே போறேன். தூக்கிப் போடுங்க" என்று பின்கதவைத் திறந்துவிட்டார். மூட்டைகளை ஏற்றினோம். மாமா ஏறவில்லை.

"நீ போம்மா. நான் இங்க டியூட்டியில இருக்கேன்."

கண்ணாடி வண்டிக்குள் வெள்ளைத் துணி மூட்டைகளோடு நான் போவதைப் பார்த்து, சாலையில் இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி எங்களை நேராகச் சவக்கிடங்குக்கு அனுப்பிவிட்டார். அங்கே இருந்தவர், மூட்டைகளைப் பார்த்துவிட்டு, எந்த விபத்து என்று கேட்டார். ஒருவழியாகத் துணிக்கிடங்கைக் கண்டுபிடித்துப் போனபோது அந்த அம்மாள் வாசலிலேயே நின்றார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"உள்ள துணி மட்டும்தானே இருக்கு?"

"ஆமாங்க."

ஒரு விரிப்பை உருவிப் பிரித்து, மூக்கில் வைத்துப் பார்த்தார். "சுத்தமாத்தான் இருக்கு. அடுத்த தடவை வேற வண்டியில வாங்க" என்றார். அடுத்த தடவை என்று அவர் சொன்னதை நான் பாதி வழி வந்த பிறகுதான் கவனித்தேன்.

நான் திரும்பி வந்தபோது, கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின் மேல் மாமா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு 'நாளைக்கு' வேலை செய்துகொண்டிருந்தார். அவர் இன்றைக்கே வந்ததுதான் அன்று நடந்தவற்றிலேயே எனக்கு நம்பவே முடியாத விஷயம். மரைக்கு மேல் ஒரு செம்பு வளையத்தைப் போட்டு இறுக்கினார். டேப்பும் இல்லை, வெறும் மரையும் இல்லை. எண்ணெயைத் தடுக்கும், கரண்டை விடும், மெல்லிசாக ஒரு வளையம்.

"இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா இன்ஜின் அப்படியே இறுகியிருக்கும்" என்றார் எழுந்து. "தூக்கிப் போட வேண்டியதுதான். யாரு நிறுத்தினது?"

மாமா பக்கெட்டின் மேல் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாமாதான்" என்று நான் சொன்னேன்.

அதற்குப் பிறகும் மாமா தினமும் என்னோடு டெலிவரிக்கு வருகிறார். ஆனால் முள்ளைப் பார்ப்பதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். "அந்தச் செருப்புக் கடை எப்போ வந்துச்சு?" என்று கேட்டார் ஒருநாள். அது என் கணவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் இருக்கிறது. ஆறு இருக்கிறது என்றார், பாலம் இருக்கிறது என்றார், எல்லாம் யாரோ நேற்று ராத்திரி கொண்டுவந்து வைத்த மாதிரி. நடுநடுவே திரும்பாமலேயே, "முள்ளு எப்படிம்மா?" என்பார். "மேல இருக்கு மாமா" என்பேன். சொல்லும்போதெல்லாம் என் கால் பழைய பாடப்படி பிரேக்கைத் தேடும். "நல்லது" என்று அவர் பாட்டுக்கு வெளியே பார்ப்பார்.

அந்த வாரமே ஒருநாள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த அத்தையின் முகத்தை உற்றுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அத்தைக்குக் கூச்சமாகிவிட்டது.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"நீ கண்ணாடி போட ஆரம்பிச்சுட்டியா?" என்றார் மாமா.

அத்தை கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தார். "உங்க பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதுலேருந்து போட்டிருக்கேன்."

மாமா தலையாட்டினார். "நல்லாருக்கு" என்றார்.

அத்தை கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு எழுந்துபோய் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தார்.